கோபம் அவருக்கு, டூட்டி எனக்கு

என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஐந்து விஷயம் சொன்னார். சிகரெட் கூடாது, மாத்திரையை விடக்கூடாது, தினம் நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், கோபத்தைக் குறைக்க வேண்டும். முதல் நான்கும் அவருக்கு. ஐந்தாவது மட்டும் எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது!

"அவனுக்குக் கோபம் வராம பாத்துக்கோம்மா" என்று மாமியார் சொன்னார், நாத்தனார் சொன்னார், மாடி வீட்டு மாமாகூட மாடிப்படியில் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். சரி என்று நானும் பார்த்தேன். மகளுக்கு அரியர் விழுந்ததை மறைத்தேன், மகன் வண்டியைச் சுவரில் இடித்ததை மறைத்தேன், கரண்ட் பில்லைக்கூட நானே கட்டிவிட்டு ரசீதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். அப்புறமும் என்ன? இட்லிக்குச் சட்னி வரக் கால் நிமிடம் தாமதமானால் தட்டு நகர்கிறது, சிக்னலில் முன்னால் நிற்கிறவன் பச்சை விழுந்தும் நகராவிட்டால் அவன் ஏழு தலைமுறையும் வசவு வாங்குகிறது. உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்க்கிறார்.

கேட்டால், பிறவிக் குணமாம், மாறாதாம். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1950களில் சான்பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோஸன்மன் என்று இரண்டு இதய டாக்டர்கள் இருந்தார்கள். நாற்காலி தைக்க வந்தவர், உங்கள் நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதே என்று கேட்டாராம். (எங்கள் ஹால் சோபாவை அவர் பார்க்க வேண்டும்.) எப்போதும் அவசரம், எதற்கும் எரிச்சல், இதற்கு 'டைப் ஏ' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள், அவசரத்தைவிட அடுத்தவன் மேல் உள்ள அந்தக் கடுப்புதான் இதயத்துக்குக் கெடுதல் என்றார்கள். நடுவில் சிகரெட் கம்பெனிகள் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது தனிக் கூத்து. பழி குணத்தின் மேல் போனால் புகை தப்பிக்குமே!

ஆனால் நான் சொல்ல வந்தது இதுதான். அந்த ஃப்ரீட்மனே டைப் ஏ ஆள், அவருக்கே மாரடைப்பு வந்தது. அவர் பெண்டாட்டியை மாறச் சொல்லவில்லை, தன்னை மாற்றிக்கொண்டார், 90 வயது வரை இருந்தார். மாரடைப்பு வந்து பிழைத்த சுமார் ஆயிரம் பேரை எடுத்து நாலரை வருடம் பார்த்தார். குணத்துக்கும் சேர்த்துப் பயிற்சி பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி வந்தது, வழக்கமான இதய ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதம். பயிற்சி என்ன தெரியுமா? கடையில் வேண்டுமென்றே நீளமான வரிசையில் போய் நில், வாட்சைக் கழற்றி வை, மெதுவாகப் போகிற லேனில் வண்டி ஓட்டு. இதெல்லாம் நோயாளி செய்ய வேண்டியது.

எங்கள் வீட்டில் நடப்பது 18ஆம் நூற்றாண்டுக் கதை. லண்டனில் ஜான் ஹன்டர் என்று பெரிய சர்ஜன், நெஞ்சுவலிக்காரர். என்னைச் சீண்டுகிற எந்தப் போக்கிரி கையிலும் என் உயிர் இருக்கிறது என்பாராம். 1793இல் ஆஸ்பத்திரி மீட்டிங்கில் வாக்குவாதம், அங்கேயே விழுந்து இறந்தார். அதே வசனம்தான் இங்கே தினமும், போக்கிரி இடத்தில் நான்.

போன வாரம் மருந்துக்கடையில் அவருக்கு மாத்திரை வாங்கப் போனபோது சும்மா எனக்கும் பிரஷர் பார்த்தார்கள். 160க்கு 100. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். பாவம், பதறித்தான் போனார். "ஐயோ, இத அவன்கிட்ட சொல்லிடாதடி, டென்ஷன் ஆயிடுவான்."