சோறு நெறைய வருதுப்பா

மே மாதம் வந்தால் போதும், தென் மாவட்டங்களிலிருந்து சர்ச் வாலிபர் குழுக்கள் சென்னைக்கு மிஷன் ட்ரிப், அதாவது ஊழியப் பயணம், கிளம்பி வந்துவிடுகின்றன. நாகர்கோவிலோ தூத்துக்குடியோ, எந்த ஊர்ச் சபையாக இருந்தாலும் நிகழ்ச்சி நிரல் ஒன்றுதான். பகலில் மெரினாவில் பாட்டு, ஸ்கிட். ராத்திரி பாரிஸ் கார்னர், சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு நடைபாதைகளில் சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், கூடவே சுவிசேஷம் அச்சடித்த ஒரு கைப்பிரதி. கடைசியில் குரூப் போட்டோ. இதைப் பற்றி வாய் திறந்தால் "ஊழியத்தைத் தடுக்கிறார்" என்று கமெண்ட் வரும். வரட்டும். இந்தக் குழுக்களுக்கு இங்கே தங்க இடமும் வழித்துணையும் ஏற்பாடு செய்கிறவர்களில் நானும் ஒருவன்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பரீட்சை முடிந்த லீவில் தெருவுக்கு வந்து நிற்கிறதே பெரிய விஷயம். திட்டம் போடுகிற பெரியவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

போன வருஷம் ஒரு குழுவோடு வால்டாக்ஸ் ரோட்டுக்குப் போனேன். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அங்கே கடை ஷட்டர் இறங்கின பிறகுதான் பாய் விரிக்க முடியும், காலையில் கடை திறப்பதற்குள் சுருட்டியாக வேண்டும். அந்தக் கொஞ்சநேரத் தூக்கத்தில்தான் எங்கள் வேன் ஹெட்லைட் அடித்துக்கொண்டு போய் நின்றது. ஒரு பாட்டியின் தலைமாட்டில் ஏற்கெனவே மூன்று பொட்டலம். ரப்பர் பேண்டு கூடக் கழற்றவில்லை. ஒன்றில் எறும்பு ஏறியிருந்தது. நாலாவதை நீட்டின பையனைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். "சோறு நெறைய வருதுப்பா. கொசுவத்தி இருந்தா குடுத்துட்டுப் போ." பையன் திருதிருவென்று முழித்தான். வேன் நிறைய குஸ்கா இருந்தது, கொசுவர்த்தி ஒரு சுருள்கூட இல்லை.

நடைபாதை என்றதும் பிச்சை என்று நினைக்கிறோம். வடசென்னையில் அங்கே படுக்கிறவர்களில் பாதிப் பேரைப் பகலில் மூட்டை தூக்குகிற இடத்திலும் மீன்பாடி வண்டியிலும் பூக்கட்டுகிற இடத்திலும் பார்க்கலாம். இரண்டு மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருக்கிற குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். 2013-ல் அம்மா உணவகம் வந்த பிறகு ஒரு ரூபாய்க்கு இட்லி, 5 ரூபாய்க்கு சாம்பார் சாதம். கையில் பத்து ரூபாய் இருந்தால் தனக்குப் பிடித்ததைத் தானே வாங்கிச் சாப்பிடலாம். பசியே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிறும் கிறிஸ்துமஸும் வந்தால் இதே தெருவில் சோறு குவிகிறது, செவ்வாய்க்கிழமை மழையில் ஒரு ஆளையும் காணோம்.

அவர்களுக்கு இல்லாதது வேறே. பொம்பளைப் பிள்ளைகளுக்கு ராத்திரி ஒதுங்கக் கழிப்பறை. மழை வந்தால் ஒதுங்க இடம். எல்லாவற்றுக்கும் மேலே காகிதம். முகவரி இல்லாததால் ஆதார் இல்லை, ஆதார் இல்லாததால் ரேஷன் கார்டும் முதியோர் பென்ஷனும் இல்லை. அங்கீகாரம் பெற்ற வீடற்றோர் காப்பகத்தின் பொறுப்பாளர் சான்றிதழ் கொடுத்தால் அதையே முகவரிச் சான்றாக வைத்து ஆதார் எடுக்கலாம் என்பது நம் சபைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபாரம் நிரப்பி, வரிசையில் நின்று, "நாளைக்கு வா" என்று சொன்னால் நாளைக்கும் கூடப் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். காலேஜ் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

காப்பகங்களும் இருக்கின்றன. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களை வைத்து நடத்துகிறது. பெண்களுக்குத் தனியாக உண்டு, அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வருகிறவர்களுக்கும் உண்டு. மிஷன் ட்ரிப் வருகிற குழுக்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. போட்டோவுக்கு நடைபாதைதான் எடுப்பாக இருக்கும் போல.

இன்னொன்று. தனியாகப் பேசிக்கொண்டு திரிகிற பெண்ணைக் கண்டதும் சுற்றி நின்று, தலையில் கைவைத்து சத்தமாக ஜெபித்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். ஜெபியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதே கையோடு போன் எடுங்கள். வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993-ல் இதே சென்னையில் தொடங்கின 'தி பான்யன்' இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது.

கைப்பிரதி விஷயத்தில் என்னோடு பலர் ஒத்துப்போக மாட்டார்கள். பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு மறுக்க வழியில்லை. அது சுவிசேஷத்துக்கும் மரியாதை இல்லை, அவருக்கும் மரியாதை இல்லை. பைபிளில் வருகிற பர்திமேயு குருடன் என்று கண்ணுக்கு முன்னே தெரிந்தும் "உனக்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டுவிட்டுத்தானே இயேசு செய்தார்? நாம் குஸ்காவோடு வந்து இறங்கிவிட்டு அப்புறம் யோசிக்கிறோம்.

இந்த மே மாதம் குழு அனுப்புகிற பாஸ்டர்மார், யூத் செக்ரட்டரிகள் இன்பாக்ஸில் வாருங்கள். ஒரே கலர் டி-ஷர்ட் அடிக்கிற காசில் கொசுவலையும் தார்ப்பாயும் வாங்கலாம். முதல் நாள் ஏதாவது ஒரு காப்பகத்தில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்து தருகிறேன். ஃபாரம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகளாக நாலு பேரையாவது சேர்த்து அனுப்புங்கள், அவர்களை இன்னும் ஒரு வாரம் கூடுதலாக இங்கே விட்டுவைக்க முடியுமா என்றும் வீட்டில் கேட்டு வையுங்கள்.