ஹம்முஸ் தொட்டுக்கொள்ளும் பண்டம் அல்ல

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்தபோது எதிர்வீட்டில் இருந்தவர் பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரைப் பூர்வீகமாகக் கொண்ட ஓர் ஆசிரியை. விடுமுறை நாட்களின் காலையில் அவர் வீட்டு மேசையின் நடுவில், கொண்டைக்கடலையையும் எள் விழுதையும் சேர்த்து அரைத்த ஹம்முஸ்தான் இருக்கும். அகன்ற தட்டில் அதைப் பரப்பி, கரண்டியின் முதுகால் வட்டமாகப் பள்ளம் இழுத்து, அந்தப் பள்ளத்தில் மட்டும் ஆலிவ் எண்ணெய் விடுவார். சுற்றிலும் பச்சை வெங்காயம், தக்காளி, புதினா, ஆளுக்கு ஒரு ரொட்டி. அந்த வேளையின் முழுச் சாப்பாடும் அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, இங்கே ஹம்முஸ் பரிமாறப்படும் விதத்தைப் பார்த்து எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. பொரித்த உருளைக்கிழங்குக்கும் ஷவர்மாவுக்கும் பக்கத்தில், மயோனைசோடு மயோனைசாக, ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு கரண்டி வைத்துவிட்டு, அதையே ஆரோக்கிய உணவு என்று சொல்லிக்கொள்கிறோம். அரபு மொழியில் ஹும்முஸ் என்ற சொல்லுக்கே கொண்டைக்கடலை என்றுதான் பொருள். இந்த உணவின் முழுப்பெயர் ‘ஹும்முஸ் பி தஹினா’, அதாவது எள் விழுது சேர்த்த கொண்டைக்கடலை. கடலை வயிற்றை நிரப்பும் அளவுக்குத் தட்டில் இருந்தால்தான் அதன் பலன் நமக்குக் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கின்றன. புரதத்தை உருவாக்கும் கூறுகளான அமினோ அமிலங்களில், மெத்தியோனின் என்பது பருப்பு வகைகளில் குறைவு. எள்ளில் அது தாராளம். எள்ளில் குறைவாக உள்ள லைசின் என்னும் மற்றோர் அமினோ அமிலமோ கடலையில் நிறைய உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், இறைச்சி உண்ணாதவர்களுக்கு இந்தச் சேர்க்கை மிகவும் பொருத்தமானது. பிழிந்துவிடும் எலுமிச்சைச் சாற்றின் வைட்டமின் சி, கடலையில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. கடலையின் மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால், வெள்ளைச் சோற்றைப் போல இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று உயர்த்துவதில்லை.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கை அடக்கமாக இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் சுமார் 120 கலோரியும், அதே அளவு எள் விழுதில் சுமார் 90 கலோரியும் உள்ளன. நல்ல கொழுப்புதான் என்றாலும் அளவு அளவுதான். கடையில் டப்பாவாக வாங்குபவர்கள் பின்பக்கத்தில் உள்ள பொருள்பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும். எள் விழுதைக் குறைத்து, சூரியகாந்தி எண்ணெயையும் உப்பையும் கூட்டிச் செய்தவையும் விற்பனைக்கு வருகின்றன. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

வீட்டில் செய்வது கடினமன்று. அந்த ஆசிரியை எனக்குக் கற்றுத்தந்தபடி, வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து, இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் வெண்ணெய்போல மசியும்வரை வேகவிட வேண்டும். சோடா பட்டதால் தளர்ந்த தோல்கள் தண்ணீரில் மிதக்கும், அவற்றை நீக்கிவிடலாம். நார்ச்சத்துக்காக நான் பாதியை விட்டுவைக்கிறேன். எள் விழுதையும் எலுமிச்சைச் சாற்றையும் கலக்கும்போது அது முதலில் கெட்டியாகித் திரிந்ததுபோல் தோன்றும். பயந்து எண்ணெய் ஊற்றிவிடக் கூடாது. குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டு அடித்தால் வெளுத்து, மிருதுவாகிவிடும். பிறகு பூண்டும் உப்பும் கடலையும் சேர்த்து நான்கைந்து நிமிடம் நன்றாக அரைக்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ள என் அம்மா முதலில் இதைச் சுவைத்துவிட்டு, “சுண்டலை எதற்கு அரைத்து வைத்திருக்கிறாய்?” என்றுதான் கேட்டார். இப்போது வாரத்தில் இரண்டு இரவுகள் ஒரு கிண்ணம் ஹம்முஸும், வெள்ளரிக்காயும், ஒரே ஒரு சப்பாத்தியும்தான் அவருடைய உணவு. அவர் ஊரில் எள் விழுது கிடைப்பதில்லை. தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு மிக்சியில் அவரே அரைத்துக்கொள்கிறார். ஆலிவ் எண்ணெயில் அரைப்பதைவிட வாசனை சற்றுத் தூக்கலாக இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்தும் இருக்கிறது.