சுவிட்சைப் பூட்டி வைக்கச் சொல்கிற அண்ணாவுக்கு

இரண்டு நாளாக அந்தப் பின்னூட்டம் மனதை அறுக்கிறது. நம்ம ஹட்டன் ஃபேஸ்புக் குழுவில் நீங்கள் போட்டதுதான். "எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சை எதற்கு விமானி கையில் கொடுத்தார்கள்? கணினியிடம் விட்டிருந்தால் 2025இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் எஞ்சின் நின்று விழுந்து 260 உயிர் போயிருக்காது." அதற்கு எத்தனை லைக்!

அது கை பட்டதும் விழுகிற சுவிட்ச் இல்லை. மேலே இழுத்துத்தான் நகர்த்த முடியும். எஞ்சினில் தீப்பிடித்தால் எரிபொருளை உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் அணைந்துபோனால் அதே சுவிட்சை ஒருமுறை நிறுத்தி, திரும்பப் போட்டுத்தான் மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும். அதனால் அது விமானியின் கைக்கெட்ட இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

கணினி, கணினி என்கிறீர்கள். 2018 அக்டோபர் 28, பாலியிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் விமானம். ஒரு சென்சர் தவறாகக் காட்ட, கணினி அதை நம்பி விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. விமானிகள் ஒரு சுவிட்சைப் போட்டு அதை அடக்கினார்கள், பத்திரமாக இறக்கினார்கள். மறுநாள் அதே விமானம், வேறு விமானிகள். கணினி அப்படித் தானாக மூக்கை அழுத்துகிற ஏற்பாடு உள்ளே இருப்பதையே அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சுவிட்ச் போடப்படவில்லை. 189 பேர் கடலுக்குள் போனார்கள்.

"1974இல் நம்ம ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதி 191 பேர் செத்தது விமானிகளின் பிழைதானே" என்பீர்கள். சரி, இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துத்தான் இறங்கினார்கள். மனிதன் பிழைவிடுவான், யார் இல்லை என்றது? அதற்காகக் கையைக் கட்டிவிடுவதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டுகிற ரோலர் மெஷினில் நின்றவர். அதை நிறுத்துகிற சுவிட்ச் பூட்டிய அறைக்குள் இருந்தது. கண்டவர்கள் தொட்டுவிடுவார்களாம். அப்பாவின் கை மாட்டியபோது சாவி தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம். அவர் வரும்வரை மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று விரல் போனது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்தார்கள். அந்த மெஷினின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லக்கூடியவர், அவர்களுக்குக் 'கண்டவர்'.

இப்போது செத்துப்போன விமானிகளைப் பற்றி அதே 'கவனக்குறைவு' கதையைத்தான் எழுதுகிறீர்கள். பதில் சொல்ல அவர்கள் இல்லை. அண்ணா, நீங்களும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். அப்பா இருப்பார், அவரிடமே கேளுங்கள்.