பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

முதியோருக்கு வீடு தேடிவரும் சேவைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்று. ஆனால் அவர்களைப் பராமரிப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் தக்கலைப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மருமகள் ஒருத்திதான் துணை. என் அண்ணியும் அப்படித்தான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். எலும்போடு எலும்பு உரசாதிருக்க முழங்கால்களுக்கு இடையே பழைய சேலையை மடித்து வைப்பார். வீட்டுக்கு வந்த செவிலியர் சொல்லிக்கொடுத்தது அது.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். முதியோருக்கான இலவச உதவி எண் 14567-ஐயும் எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அண்ணி தன் முதுகுவலிக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய்வர வேண்டுமென்றால், அந்த அரைநாள் மாமியார் பக்கத்தில் யார் இருப்பது? ஊராட்சிதோறும் இரண்டு பெண்களுக்காவது பயிற்சியும் சம்பளமும் கொடுத்து இந்த வேலைக்கென்றே அமர்த்த வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.