தண்ணீரைச் சோதித்துவிட்டு மீனுக்குச் சான்றிதழ் தராதீர்கள்

நேற்றிலிருந்து எல்லோரும் அந்த வீடியோவைப் பகிர்கிறீர்கள். அதில் ஒருவர் டம்ளரில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு காட்டி, "ரிப்போர்ட்ல பாதரசம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, பயப்படாம மீன் வாங்குங்க" என்கிறார். ரிப்போர்ட் பொய் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரைச் சோதித்து மீனைப் பற்றிப் பேசக் கூடாது என்கிறேன்.

ஆற்றில் விழும் பாதரசம் வண்டலில் ஒட்டி அடியில் படியும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை, உயிர்களின் உடலில் தங்கிச் சேரும் வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றும். அது பாசியில் ஏறி, புழு பூச்சியில் ஏறி, பொடி மீன் வழியாக விராலுக்கும் வாளைக்கும் போய்ச் சேரும்போது, தண்ணீரில் இருந்ததைவிட லட்சக்கணக்கான மடங்கு சேர்ந்திருக்கும். அதனால்தான் தண்ணீர் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்புக்குள் இருக்கும்போதே, அதே ஆற்று மீன் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற மீனுக்கான வரம்பைத் தாண்டிவிட முடிகிறது.

அந்தத் தண்ணீரையாவது ஒழுங்காக எடுத்தார்களா? வீடியோவில் இருப்பது சாதாரண பிளாஸ்டிக் பாட்டில். பாதரசம் அதன் சுவரில் ஒட்டும், ஆவியாகவும் போகும். அமிலத்தில் கழுவிய கண்ணாடி அல்லது டெஃப்லான் பாட்டிலில் பிடித்து, அமிலம் சேர்த்து இறுக மூட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் அளவு குறைந்துவிடும்.

"நல்லா வேகவைச்சா போயிடும்" என்பவர்களுக்கு: போகாது. அது தசைப் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. பொரித்தால் மீனின் ஈரம்தான் வற்றும்.

"பாதரசம் விட்ட ஆலையை மூடித்தான் வருஷக்கணக்காச்சே" என்பவர்களுக்கு: கனடாவின் டிரைடனில் 1962 முதல் 1970 வரை ஓர் ஆலை ஏறத்தாழ 9 டன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. ஆற்றின் கீழ்ப்பக்கம் கிராஸி நாரோஸ் பழங்குடி மக்களின் மீன்பிடித் தொழில் அதோடு போயிற்று. அரை நூற்றாண்டு கழித்தும் அந்த மீனில் பாதரசம் இருக்கிறது. தண்ணீர் ஓடிவிடும், சேறு ஓடாது.

"அப்ப மீனே திங்கக் கூடாதா?" தின்னலாம். சந்தேகமுள்ள ஆற்றில் விராலை விட்டுப் பொடி மீனாக வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கு அந்த விரால் வேண்டவே வேண்டாம். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் மூளைக்குப் போகும். பரிசோதனை செய்வதென்றால் ரத்தம் அல்லது தலைமுடி. மீன் வழியே ஏறியது சிறுநீரில் சரியாகத் தெரியாது.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைக் குறிப்பிட்ட ஒருவரிடம் கமென்டில் "ரிப்போர்ட் இருந்தா காட்டு" என்று கேட்டிருக்கிறீர்கள். அதுதான் மனதை அறுக்கிறது. அந்த ஆலைத் தொழிலாளர்கள் சுவாசித்தது பாதரச ஆவியை. வேலை நின்ற சில மாதங்களிலேயே சிறுநீரில் அளவு இறங்கிவிடும். நரம்பில் பட்ட அடி அதோடு போய்விடாது. ஆலை மூடியது 2001இல். 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஆலை நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பதினைந்து வருடம் அவர்களிடமும் இதைத்தான் கேட்டார்கள்: ரிப்போர்ட் எங்கே?