'அடித்தால்தான் புல்லியிங்' என்பது உண்மையா?

டெல்லி தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "கைவைத்தால்தான் புல்லியிங். கேலி, பட்டப்பெயர் எல்லாம் விளையாட்டு. பள்ளி எதுவும் செய்ய முடியாது." எல்லாமே தவறு.

அடி ஒரு வகை மட்டும்தான். ஒரே பிள்ளையைக் குறிவைத்து, எதிர்த்து நிற்க முடியாத நிலையில், திரும்பத் திரும்ப நோகடிப்பதுதான் புல்லியிங். இன்று சண்டை போட்டு நாளை சேர்ந்து கிரிக்கெட் ஆடினால் அது வேறு. தினமும் 'மதராசி' என்று கூப்பிட்டு, இட்லி டப்பாவைத் திறந்ததும் பெஞ்சே மூக்கைப் பொத்தினால்? டப்பா திறக்காமலே வீடு திரும்பும். திங்கள் காலை தவறாமல் வயிற்றுவலி வரும். (நாமும் சுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்பிவிடுவோம்!) கேட்டால் "ஒன்றுமில்லை" என்பான். வகுப்புக் குழுவிலிருந்து வேண்டுமென்றே ஒதுக்கி வைப்பதும் இதில் சேர்த்திதான்.

அப்புறம், பள்ளி விஷயம். புல்லியிங் தடுப்புக் குழு அமைக்கச் சொல்லி சிபிஎஸ்இ 2015-லேயே தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வாயால் சொன்னது காற்றோடு போகும். நடந்ததைத் தேதி போட்டுக் கடிதமாகக் கொடுங்கள். பள்ளி அசையாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. 24 மணி நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை.