ஜாக்கோ: நோயா வாசித்தது?

மேதை என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தானே செய்யும் என்று ஒரு பேச்சு உண்டு. இசைக்கலைஞர்களைப் பற்றி வருகிற ஆவணப்படங்களில் முக்கால்வாசி இதை நம்பியே ஓடுகின்றன. இதில் எனக்கு ரொம்ப எரிச்சல் தருவது ஜாக்கோ பாஸ்டோரியஸ் கதை.

ஃப்ளோரிடாவில் வளர்ந்த பாஸ் கிதார்க்காரர், அதாவது கீழ்ச்சுரங்களை வாசிக்கிற கிதார். கிதாரின் கழுத்தில் சுர இடங்களைப் பிரிக்கிற ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேலே படகுக்குப் பூசுகிற எபாக்சி என்ற பிசினைப் பூசி வாசித்தவர். 1976-இல் வந்த முதல் ஆல்பத்தில் 'டோனா லீ' என்ற வேகமான ஜாஸ் மெட்டை, துணைக்குக் கோங்கா மேளம் மட்டும் வைத்துக்கொண்டு, பாஸில் வாசித்திருப்பார். அதே வருடம் பாடகி ஜோனி மிட்செலோடு 'ஹெஜிரா' ஆல்பம், அடுத்த வருடம் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவோடு 'ஹெவி வெதர்' ஆல்பம். பின்னால் நின்றுகொண்டிருந்த வாத்தியம் முன்னால் வந்து பாட ஆரம்பித்தது.

பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகிற நோய், என்று மருத்துவர்கள் சொன்னது 1982-இல். அப்புறம் முற்றிய குடி, நியூயார்க்கில் தெருவாசம், 1987 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு கிளப் காவலாளி அடித்த அடி, சில நாளில் மரணம். வயது 35.

பில் மில்கோவ்ஸ்கி எழுதிய வாழ்க்கை வரலாறும் சரி, மெட்டாலிக்கா ராக் குழுவின் பாஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ தயாரித்த ஆவணப்படமும் சரி, அன்போடு செய்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் படித்தவர்களும் பார்த்தவர்களும் என்னிடம் வந்து பேசுவதெல்லாம் அவர் பார்க்கில் படுத்துக் கிடந்ததைப் பற்றித்தான். 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி'யில் கிட்டத்தட்ட முழுக்க ஹார்மோனிக்ஸை, கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற சுரங்களை, வைத்தே ஒரு பாட்டைக் கட்டியிருக்கிறாரே, எந்தக் கம்பியில் எந்த இடத்தைத் தொட்டால் எந்தச் சுரம் மணி மாதிரி எழும் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டுமே, அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

வருடங்களை வரிசையாகப் பாருங்கள். 1972-இல் பாடகர் வெய்ன் கோக்ரனின் இசைக்குழுவில் ஊர் ஊராகச் சுற்றுகிறார், கையில் குழந்தை, குடும்பம். அங்கேதான் இசையை எழுதும் நொட்டேஷனும், வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அரேஞ்ச்மென்ட்டும் கற்றுக்கொள்கிறார். பெரிய வேலைகள் பெரும்பாலும் நோய் முற்றுவதற்கு முன்னால் வந்தவை. முற்றிய பிறகு என்ன மிஞ்சியது? மேடையில் குழப்பம், விலகிப்போன நண்பர்கள். "உலகத்திலேயே பெரிய பாஸ் கலைஞன் நான்" என்று வெதர் ரிப்போர்ட்டின் ஜோ ஜாவினுலிடம் போய்ச் சொன்ன அந்தத் திமிரும் நோயின் வாடைதானோ என்று கேட்பார்கள். இருக்கலாம். ஆனால் திமிர் இருந்தால் ஹார்மோனிக்ஸ் வந்துவிடுமா என்ன!

இன்னொருத்தர் இவரைப் பற்றிப் படம் எடுப்பதாக இருந்தால், அந்தக் கோக்ரன் குழுவின் காலத்துக்கு அரைமணி நேரம் கொடுக்கட்டும். கிளப் வாசலுக்கு ஒரு நிமிடம் போதும்.